உட்கார்ந்து எழ ஒரு கட்டில்: வாசகர் கேள்வி – பதில்

நடமாட்டம் குறைந்தவர்களின் படுக்கையறைக்குக் கட்டில், அலமாரி, கைப்பிடி செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். மரவேலை சம்பந்தப்பட்டதை ஆசாரி ஒருவரும், உடம்பு சம்பந்தப்பட்டதை இயன்முறை மருத்துவர் ஒருவரும் பார்த்துச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அளவுகள் பட்டறையில் புழங்கும் அங்குலக் கணக்கில் உள்ளன. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஐந்தடி உயரம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இப்போது படுப்பது தரைவரை பலகை அடித்த பெட்டிக் கட்டிலில். காலையில் எழுந்து நிற்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. புதுக் கட்டில் செய்யலாம் என்றால் ஆசாரி, "பதினெட்டு அங்குலம்தான் எல்லாருக்கும் வைக்கிறது" என்கிறார். வைக்கலாமா? என்ன மரம் போடலாம்?
— ஒரு மகள், திண்டுக்கல்

பதில்: அந்தப் பதினெட்டு தரையிலிருந்து எதுவரை என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பலகை மட்டம்வரை என்பார். அதன்மேல் 5 அங்குல மெத்தை ஏறினால் 23 ஆகிவிடும். ஐந்தடி உயர அம்மாவுக்கு 23-இல் பாதம் தரையில் படியாது. நுனியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்ற முன்னுக்கு நகர்ந்து, சறுக்கி விழுவது இப்படித்தான். கட்டில் உயரம் என்பது மெத்தைமேல் ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு இருக்கும் உயரம். வேறெந்த உயரமும் கணக்கில்லை.

அளப்பது எளிது. அம்மாவைக் கெட்டியான ஸ்டூலில் உட்கார வைத்து, செருப்பில்லாமல் பாதம் முழுக்கத் தரையில் பதிந்திருக்கும்போது, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளவெடுங்கள். ஐந்தடி ஆளுக்கு 15 – 16 அங்குலம் வரும். முழங்கால் நல்ல நிலையில் இருப்பவருக்கு அந்த அளவே போதும். தேய்மானம் உள்ளவருக்கு இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருந்தால்தான் எழும்போது பாரம் குறையும். அதற்காக 2 அங்குலம், அதிகம் போனால் 3 கூட்டலாம்.

எவ்வளவு கூட்டுவது என்று ஊகிக்க வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியின் இருக்கையில் பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி 16, 17, 18, 19 என்று ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் எழுந்திருக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். கையை அதிகம் ஊன்றாமல் எழ முடிகிற மிகக் குறைந்த உயரம் எதுவோ அதுதான் அம்மாவின் அளவு. காலையில், மூட்டு இறுகியிருக்கும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள். மாலையில் பார்த்தால் ஒரு அங்குலம் குறைவாகவே வரும், அதை நம்பிச் செய்த கட்டில் விடியற்காலையில் காலை வாரும்.

18 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 5 அங்குல மெத்தை, விளிம்பில் உட்கார்ந்தால் சுமார் 1 அங்குலம் அமுங்குகிறது. மீதி 4. ஆகவே பலகை மட்டம் தரையிலிருந்து 14 அங்குலம். இதை ஆசாரியிடம் எழுதிக் கொடுங்கள். கட்டில் செய்யும் முன்பே மெத்தையை வாங்கிவிடுவது நல்லது. மெத்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில்தான் கட்டில் காலை அறுக்கும் வேலை வருகிறது. அழுத்தமான ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது) அல்லது ரப்பர் சேர்த்த தேங்காய்நார் மெத்தை விளிம்பில் நன்றாகத் தாங்கும். இலவம்பஞ்சு மெத்தை படுக்கச் சுகமானது, ஆனால் விளிம்பில் உட்கார்ந்தால் வெளிப்பக்கம் சாய்த்துவிடும். புதிதாக அடித்த பஞ்சுக்கும் ஒரு வருடப் பஞ்சுக்கும் 2 அங்குலம் வரை உயரம் மாறுவதால் அளவெடுத்த பயனும் போய்விடும்.

இனி பெட்டிக் கட்டிலுக்கு வருவோம். அம்மாவுக்கு எழ முடியாததற்கு உயரத்தைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக மேலே எழுவதில்லை. குதிகாலை முழங்காலுக்குப் பின்னால் 3 – 4 அங்குலம் இழுத்துக்கொண்டு, தலையை முன்னால் கொண்டுவந்து, பிறகுதான் எழுகிறோம். நீங்களே நாற்காலியில் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள், முடியாது. பெட்டிக் கட்டிலின் பக்கப் பலகை தரைவரை இறங்கி, குதிகாலைப் பின்னால் விடாமல் தடுக்கிறது. எனவே புதுக் கட்டிலின் அடி திறந்திருக்க வேண்டும். 14 அங்குலப் பலகை மட்டத்துக்கு 5 அங்குலப் பக்கச் சட்டம் போட்டால் கீழே 9 அங்குலம் கிடைக்கும். குதிகாலுக்கு மட்டுமல்ல, பின்னாளில் சாப்பாட்டு மேசையின் அடிச்சட்டமோ ஆளைத் தூக்கும் கருவியின் காலோ உள்ளே போவதற்கும் அந்த இடம் உதவும். அதற்குக் குறைந்தது 6 அங்குலம் தேவை.

மெத்தை நகராமல் இருக்கப் பக்கச் சட்டத்தைப் பலகைக்கு மேலே தூக்கி விளிம்பு விடுவது வழக்கம். அது 1 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் உட்காரும்போது தொடையின் அடியில் அறுக்கும். விளிம்பின் முனையை அரை அங்குல உருட்டலாக இழைத்துவிடச் சொல்லுங்கள்.

மரம் தேக்குதான் ஆக வேண்டும் என்பதில்லை. நன்றாகக் காய்ந்த வேங்கை, வேம்பு எல்லாம் போதும். மரத்தைவிட இணைப்புதான் முக்கியம். சாதாரணக் கட்டில் மேலிருந்து கீழாகத்தான் பாரம் வாங்கும். இந்தக் கட்டிலோ ஒவ்வொரு முறை எழும்போதும் பக்கவாட்டில் தள்ளப்படும். ஆணியும் பசையும் மட்டும் போட்டால் ஆறேழு மாதத்தில் ஆட்டம் காணும். ஆடும் கட்டிலில் கை ஊன்ற அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டால், நீங்கள் எடுத்த அளவெல்லாம் வீண். 3 க்கு 3 அங்குலக் கால், ஒன்றரை அங்குலக் கனத்தில் பக்கச் சட்டம், மூலைக்கு இரண்டு 10 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் அகல வாஷர். ஒரு மாதம் கழித்து ஒரு தரமும், கோடையில் மரம் சுருங்கிய பிறகு ஒரு தரமும் முடுக்கிவிடுங்கள்.

மூன்றடி அகலம், 75 அங்குல நீளக் கட்டிலுக்கு 3 அங்குல அகல, முக்கால் அங்குலக் கன ரீப்பர் (மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டை) 13, இடையே 3 அங்குல இடைவெளி. கணக்கு மிச்சமில்லாமல் சரியாக வரும். நடுவில் நீளவாக்கில் 2 க்கு 3 சட்டம் ஒன்று தாங்கட்டும். அம்மா உட்கார்ந்து எழும் இரண்டடி இடத்தில் மட்டும் ரீப்பரை நெருக்கிப் போடலாம். முழுப் பலகையாக பிளைவுட் அடித்தால் காற்றோட்டமில்லாமல் மெத்தையின் அடி பூஞ்சை பிடிக்கும். அடித்தே ஆக வேண்டுமானால் முக்கால் அங்குலத் துளைகளை அரை அடிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கால்மாட்டுப் பக்கக் காலை 32 அங்குலம் வரை மேலே நீட்டித் தூணாக விட்டுவிடுங்கள். எழுந்து இரண்டடி வைத்ததும் கை தேடும் இடம் அதுதான்.

கேள்வி: பெட்டிக் கட்டிலை மாற்ற இப்போது வசதியில்லை. வேறு வழி?
— வாசகர், விழுப்புரம்

பதில்: உட்கார்ந்து எழும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி நீளத்துக்குப் பக்கப் பலகையை அறுத்து, 5 அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி அடித்துக்கொள்ளலாம். குதிகாலுக்கு இடம் கிடைத்துவிடும். பலகையை எடுக்கும் முன் அங்கே பாரம் எதில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல மலிவுக் கட்டில்களில் பக்கப் பலகைதான் மொத்தப் பாரத்தையும் தாங்கும். அப்படியானால் அறுத்த இடத்தின் இரு முனையிலும் 2 க்கு 2 கட்டை நிறுத்தி, மேலே ஒரு சட்டம் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், மூன்று அங்குலம் உயர்த்தினால் போதும். செங்கல் வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். செங்கல்லின் மேல் கால் வெறுமனே நிற்கிறது, அதைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. உட்காரும்போது கட்டில் அரை அங்குலம் தள்ளினால் மூலைக் கால் நழுவும்.

18 மி.மீ. பிளைவுட்டில் 6 க்கு 6 அங்குலச் சதுரங்கள், ஒரு காலுக்கு ஆறு வெட்டுங்கள். நான்கை முழுசாகப் பசை போட்டு ஒட்டி ஸ்க்ரூ பிடித்தால் 72 மி.மீ. அடியில் 3 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டினால் 75, அதாவது மூன்று அங்குலம். மீதி இரண்டு சதுரங்களில் கட்டில் காலைவிட ஒரு நூல் பெரிதாகச் சதுர ஓட்டை போட்டு மேலே ஒட்டினால், கால் ஒன்றரை அங்குல ஆழம் உள்ளே இறங்கி நிற்கும். இரும்புக் குழாய்க் காலாக இருந்தால் குழியின் அடியில் இரும்பு வாஷர் ஒன்று போட வேண்டும், இல்லையென்றால் குழாய் முனை பிளைவுட்டை அறுத்துக்கொண்டே இறங்கும். நான்கு கட்டையும் ஒரே உயரமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

நான்கு அங்குலத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் தனித்தனிக் கட்டை வேண்டாம். தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கட்டை, கால்மாட்டுக்கு ஒன்று என்று செய்யுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனம். பிடித்து எழக் கட்டிலில் எஸ்.எஸ். கம்பி வைக்க வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்?
— ஒரு மகன், திருநெல்வேலி

பதில்: அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது வலது கை இருக்கும் பக்கம் திறந்திருக்க வேண்டும், இடது பக்கம் சுவர். பலமுள்ள பக்கமாகப் புரண்டு, அந்தப் பக்கமே காலை இறக்கி உட்காருவதுதான் எளிது. சில சமயம் பயிற்சிக்காகவே பலவீனமான பக்கம் இறங்கச் சொல்வதுண்டு. அவருக்குச் சிகிச்சை தருபவர் அப்படிச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கம்பியின் இடம்: அவர் விளிம்பில் உட்காரும் இடத்துக்குத் தலைமாட்டுப் பக்கம், ஒட்டினாற்போல். வலப்பக்கம் இறங்கி உட்கார்ந்தவருக்கு வலது கை தலைமாட்டுப் பக்கம்தான் இருக்கும். அதே கம்பி படுத்திருக்கும்போது புரளவும் கைக்கு எட்டும். ஆக ஒரே கம்பி இரண்டு வேலைக்கும் ஆகும். கால்மாட்டுப் பக்கம் வைத்தால் செயலிழந்த கையின் பக்கம் போய்விடும்.

உயரம், அமுங்கிய மெத்தை மட்டத்திலிருந்து 8 – 10 அங்குலம். முழங்கை லேசாக மடங்கியிருக்க, கீழ்நோக்கி அழுத்தி எழ வேண்டும். உயரமான கம்பியைப் பிடித்து இழுத்து எழப் பழகினால் உடம்பு பின்னால் சாயும், எழுவது இன்னும் கஷ்டம்.

ஒன்றேகால் அங்குலக் குழாய், 304 தரம், 2 மி.மீ. சுவர்க் கனம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பருமன் போனால் வயதான விரல்கள் சுற்றிப் பிடிக்காது. கம்பியை 6 மி.மீ. கனத் தகட்டில் வெல்டிங் செய்து, பக்கச் சட்டத்தை ஊடுருவி இரண்டு 10 மி.மீ. போல்ட், உள்பக்கமும் ஒரு தகடு. பிளைவுட்டில் ஸ்க்ரூ பிடித்த கம்பி பிடுங்கிக்கொண்டு வரும், அதுவும் முழுப் பாரமும் அதில் இருக்கும் நேரத்தில். கம்பியின் ஒரு காலைத் தரைவரை இறக்கி ரப்பர் புஷ் போட்டால் இன்னும் உறுதி.

உயரத்தைவிட முக்கியமாக வெல்டரிடம் சொல்ல வேண்டியது இடைவெளி. ஒரு அடி அகலத்தில் வெறும் 'ப' வடிவக் கம்பி வைப்பதுதான் பட்டறை வழக்கம். தூக்கத்தில் சரிந்தவரின் தலையோ கழுத்தோ அதற்குள் மாட்டி உயிர்ச்சேதம் நடந்திருப்பதால்தான் மருத்துவமனைக் கட்டில்களுக்கு இடைவெளி வரம்பே வந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கம்பிகளுக்கு நடுவே 120 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அது ஏறக்குறைய நாலே முக்கால் அங்குலம். எனவே நடுவே குறுக்குக் கம்பிகளை நெருக்கமாகக் கொடுங்கள், அல்லது 12 மி.மீ. பிளைவுட்டால் அடைத்துவிடுங்கள். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே 2 அங்குலத்துக்குமேல் விடாதீர்கள். மெத்தை சுவர்ப்பக்கம் நகர்ந்தால் அந்த இடைவெளி தானாகப் பெரிதாகும் என்பதால், மெத்தையின் அடியில் நாடா தைத்துச் சட்டத்தில் கட்டிவிட வேண்டும்.

அவர் சக்கர நாற்காலிக்கு மாறுகிறவராக இருந்தால் கம்பி கழற்றும்படி இருக்கட்டும். நாற்காலியும் பலமுள்ள கைப்பக்கம்தான் வந்து நிற்கும், அப்போது இதே கம்பி குறுக்கே நிற்கும். சட்டத்தில் பெரிய குழாய், அதற்குள் இறங்கும் சிறிய குழாய், ஒரு பூட்டு ஊசி போதும்.

கட்டிலின் முழு நீளத்துக்கும் தடுப்பு வைக்கச் சிலர் கேட்கிறார்கள். மறதி நோயோ இரவில் குழப்பமோ உள்ளவர் தடுப்பின்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். கட்டில் உயரத்திலிருந்து விழ வேண்டியவர் தடுப்பு உயரத்திலிருந்து விழுவார். அவர்களுக்குத் தாழ்ந்த கட்டிலும், பக்கத்தில் தரையில் கனமான மெத்தையுமே மேல்.

கேள்வி: தரை பெருக்க வசதியாகக் கட்டிலுக்குச் சக்கரம் போடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். பூட்டுள்ள சக்கரம் என்றாலும் பூட்ட மறக்கும் ஒரு நாள் வரும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பூட்டிய சக்கரமே சறுக்கும். காலுக்கு அகலமான ரப்பர் புஷ், கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி. அவ்வளவுதான்.

கேள்வி: என் தம்பி இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறார். உடுப்பு அலுமாரியின் மேல்தட்டு எட்டாது, கீழ் லாச்சிக்கு (இழுப்பறைக்கு) குனிய ஏலாது. புதிதாக ஒன்று செய்விக்க வேண்டும். கதவு எப்படிப் போடுவது, அளவுகள் என்ன?
— ஒரு அக்கா, யாழ்ப்பாணம்

பதில்: தரையிலிருந்து 15 அங்குலத்துக்கும் 48 அங்குலத்துக்கும் இடையில் அன்றாடம் வேண்டியதெல்லாம் அடங்க வேண்டும். அதற்கு மேலுள்ள இடம் வீட்டார் பாய், போர்வை வைக்க ஆகட்டும். உடுப்புத் தொங்கவிடும் தடி 46 அங்குலத்தில். சட்டை 30 – 32 அங்குலம் தொங்கும், கீழே 14 அங்குலம் மிஞ்சும். நீளமான தடி வேண்டாம். மூன்றடிக்குமேல் போனால் கடைசிச் சட்டைக்கு நாற்காலியை மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும்.

கீலில் திறக்கும் கதவுதான் நாற்காலியில் இருப்பவருக்கு ஆகாதது. திறக்கும்போது நாற்காலியைப் பின்னே எடுக்க வேண்டும், திறந்த கதவு பக்கவாட்டில் நெருங்கவும் விடாது. தள்ளுகதவு நல்லது. ஆனால் கீழ்த் தண்டவாளத்தில் தூசி சேர்ந்தால் ஒரு கையால் தள்ள முடியாது, எனவே மேலே தொங்கும் தண்டவாளமாகப் போடுங்கள். உண்மையில் எல்லாவற்றையும்விட வசதியானது கதவே இல்லாமல் ஒரு திரை. அழகு போதாது என்பவர்களுக்குத்தான் கதவு.

மடித்து வைக்கும் தட்டுகளின் ஆழம் 14 அங்குலம் போதும். வழக்கமான 22 அங்குல ஆழத்தில் பின்வரிசைத் துணி எட்டாது. ஆழம் வேண்டிய இடத்தில் தட்டுக்குப் பதிலாக லாச்சி போடுங்கள், முழுதும் வெளியே வரும் டெலஸ்கோப்பிக் சேனலில். முக்கால்வாசி மட்டும் வரும் மலிவுச் சேனலில் கடைசிக் கால்பங்கு கைக்கு எட்டாத இருட்டாகவே இருக்கும். தானாக மெல்ல மூடும் வகை, முதல் இழுப்பில் கூடுதல் பலம் கேட்கும். விரல் பலம் குறைந்தவருக்கு அது வேண்டாம். குமிழ்ப் பிடிக்குப் பதில் 5 – 6 அங்குல 'டி' வடிவப் பிடி, பலகைக்கும் பிடிக்கும் நடுவே ஒன்றரை அங்குலம். நான்கு விரலும் உள்ளே போக வேண்டும்.

அடியில் 9 அங்குல உயரம், 6 அங்குல ஆழம் காலியாக விடுங்கள். நாற்காலியின் பாதத்தட்டு உள்ளே போனால்தான் ஆள் அலுமாரிக்கு நெருங்க முடியும். இதைத் தச்சர்கள் பெரும்பாலும் விடுவதில்லை, படம் வரைந்தே கொடுங்கள்.

அலுமாரிக்கு முன் நாற்காலி சுற்றித் திரும்ப 1500 மி.மீ. விட்டத்தில் வட்டம் வேண்டும், ஏறத்தாழ ஐந்தடி. கட்டிலின் ஏறி இறங்கும் பக்கம் குறைந்தது மூன்றடி. கட்டில் உயரத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அமுங்கிய மெத்தை மட்டமும், நாற்காலியின் அமுங்கிய குஷன் மட்டமும் ஒன்றாக இருந்தால்தான் மாறும் பலகையில் (இரண்டுக்கும் நடுவே பாலமாக வைத்துச் சறுக்கி நகரும் பலகை) இரண்டு பக்கமும் போய்வர முடியும். ஒரு அங்குல ஏற்றமே தோளுக்குச் சுமை.

அலுமாரியைக் கட்டாயம் சுவரோடு பிணையுங்கள். மேல்மூலைகளில் இரண்டு எல் தகடு, சுவரில் ஆங்கர் போல்ட். நாற்காலியிலிருந்து சரிபவர் முதலில் பிடிப்பது திறந்திருக்கும் லாச்சியைத்தான். வெற்று அலுமாரியோ இரும்பு பீரோவோ அந்த இழுப்பில் முன்னால் கவிழ்ந்துவிடும்.

கேள்வி: மாமியார் முழுக்கப் படுக்கையில்தான் இருக்கிறார். சாப்பிட, மருந்து குடிக்கச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி தலைப்பக்கம் தூக்கும்படி மரத்தில் செய்ய முடியுமா? பார்த்துக்கொள்ளும் எனக்கும் இடுப்பு போய்விட்டது.
— மருமகள், சேலம்

பதில்: செய்ய முடியும். ஆனால் செய்யும் முன் ஒன்றை யோசியுங்கள். மாமியார் கொஞ்சமாவது முன்னால் எழும்பி ஒத்துழைக்கிறாரா? இல்லையென்றால், ஆள் படுத்திருக்கும் பலகையை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே வலிக்கும் இடுப்புக்கு அது கூடாது. அப்படியானால் கைச்சுழற்சியில் தலைப்பக்கமும் முழங்கால் பக்கமும் தனித்தனியே உயரும் ஃபவுலர் கட்டிலை வாடகைக்கு எடுப்பதே சரி. தலைப்பக்கம் மட்டும் உயரும் செமி ஃபவுலர் வாடகை குறைவு, ஆனால் முழங்கால் உயராததால் ஆள் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருப்பார். சறுக்கும்போது முதுகெலும்பின் அடித்தோல் இழுபட்டுப் புண் வரும். அதை எடுத்தால் தலையைத் தூக்கும் முன் முழங்காலுக்கடியில் கெட்டித் தலையணை வைப்பதை வழக்கமாக்குங்கள்.

ஒத்துழைப்பவராக இருந்தால் மரத்தில் இப்படிச் செய்யலாம். மாமியாரைக் கட்டிலில் படுக்க வைத்து, தலைமாட்டிலிருந்து இடுப்பெலும்பு எங்கே வருகிறது என்று குறியுங்கள். ஐந்தடிக்காரருக்கு 31 – 32 அங்குலத்தில் வரும். கீல் அங்கேதான் இருக்க வேண்டும். வயிற்று மட்டத்தில் கீல் போட்டால் இடுப்பு மடங்காமல் முதுகு வளைந்து மூச்சு முட்டும், கட்டிலில் சாய்ந்து சாப்பிட மறுப்பவர்கள் பலருக்கும் காரணம் அதுவே.

சாயும் பலகை 18 மி.மீ. பிளைவுட், அடியில் இரண்டு சட்டம், 4 அங்குலக் கீல் மூன்று. கீலிலிருந்து 16 அங்குலத்தில், பலகையின் அடியில் தாங்குகாலைக் கீல் போட்டுத் தொங்கவிடுங்கள். தாங்குகால் இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே சட்டமாக, 15 அங்குல நீளத்தில் இருக்கட்டும். அது ஊன்றும் பள்ளங்களைக் கட்டிலின் இரு பக்க உள்சட்டங்களில், கீல் மட்டத்திலேயே, கீலிலிருந்து தலைமாட்டை நோக்கி அளந்து வெட்டுங்கள். 26½ அங்குலத்தில் சாய்வு 30 பாகை வரும், 21-இல் 45, 13¾-இல் 60. பாரம் தாங்குகாலைத் தலைமாட்டுப் பக்கம் தள்ளும் என்பதால் பள்ளத்தின் அந்தப் பக்கச் சுவர் செங்குத்தாக, ஒரு அங்குலமாவது ஆழமாக இருக்க வேண்டும். பள்ளம் வெட்டும் சட்டம் கடின மரமாக இருக்கட்டும். பலகைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே ஒரு அங்குலம் விட்டால் இறக்கும்போது விரல் நசுங்காது.

தேங்காய்நார் மெத்தை இதற்கு ஆகாது, மடிப்பில் உடையும். 4 அங்குல ஃபோம் போடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் படுக்க வைக்காமல் அரைமணி நேரம் சாய்ந்தே இருக்க விடுங்கள்.

உங்கள் இடுப்புக்கு: தானாக இறங்காதவருக்குக் கட்டில் தாழ்வாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மெத்தை மட்டம் 26 – 28 அங்குலத்தில் இருந்தால், துடைக்கவும் புரட்டவும் நீங்கள் குனியும் அளவு பாதியாகும். இரண்டு பக்கமும் இரண்டரை அடி விட்டு, கட்டிலை நடுவில் போடுங்கள். ஒரே பக்கமாக நின்று எட்டிப் புரட்டுவதுதான் இடுப்பை வாங்குவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்தக்கூடாது. அது மேலே 2½ – 3 அங்குலம் கூட்டும் என்பதையும் உயரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பம்ப் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கட்டும், மின்சாரம் போனால் மெத்தை மெல்ல இறங்கிவிடும்.

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து அப்பா அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். தற்போதைய கட்டில் தாழ்வு.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பின்பக்க வழியாகச் செய்த அறுவை என்றால் முதல் சில வாரங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது என்பார்கள். தாழ்ந்த கட்டிலில் உட்கார்ந்தாலே அதைத் தாண்டிவிடும். முழங்கால் மடிப்பு உயரத்தோடு 2 – 3 அங்குலம் கூட்டி, கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன கட்டைகளைச் செய்துவிடுங்கள். அதே உயரத்துக்கு ஒரு நாற்காலியும், கழிப்பறை இருக்கைக்கு உயரம் கூட்டும் வளையமும் தேவை. எத்தனை வாரம் என்பதை அறுவை செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பையும் பெட்ஷீட் முனையையும் எடுக்கக் குனிவதில்தான் பலர் கட்டுப்பாட்டை மீறுகிறார்கள். நீளக் கைப்பிடியுள்ள இடுக்கி ஒன்று கட்டிலில் தொங்கட்டும்.

கேள்வி: பார்க்கின்சன் உள்ள கணவர் இரவில் புரள முடியாமல் தவிக்கிறார். கட்டிலில் என்ன மாற்றலாம்?
— வாசகி, சென்னை

பதில்: கட்டிலைவிட விரிப்பை மாற்றுங்கள். உடம்பு அழுந்தும் நடுப்பகுதிக்கு மட்டும், தோளிலிருந்து தொடைவரை, சாட்டின் துணி ஒரு பட்டையாகத் தைத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் பருத்தியாகவே விடுங்கள். இடுப்பு வழுக்கிப் புரளும், குதிகால் ஊன்ற பிடிப்பு இருக்கும். முழு சாட்டின் விரிப்பு ஆபத்து, உட்காரும்போது விளிம்பிலிருந்து சறுக்கிவிடும். சாட்டின் விரிப்போடு சாட்டின் இரவு உடையும் சேரக்கூடாது. மெத்தை அழுத்தமானதாக இருக்கட்டும். கனமான போர்வைக்குப் பதில் இலேசான ஒன்று.

கேள்வி: கட்டில் பக்கத்தில் வைக்கும் சிறு மேசைக்கு என்ன உயரம்?
— வாசகர், புதுச்சேரி

பதில்: மெத்தை மட்டத்துக்குச் சமமாகவோ இரண்டு அங்குலம் கூடவோ இருக்கலாம். சுற்றிலும் அரை அங்குல விளிம்புச் சட்டம் இருந்தால் மாத்திரை டப்பா உருளாது. சட்டத்தின் நிறம் மேசையின் நிறத்திலிருந்து வேறுபட்டால் பார்வை மங்கியவருக்கு விளிம்பு தெரியும். சக்கரம் வேண்டாம், கை ஊன்றுவார்கள். விளக்கு சுவிட்சை வாசலிலும் கட்டிலருகிலும் போட டூ-வே இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். கட்டிலருகில் தரையிலிருந்து 30 – 36 அங்குலத்தில், படுத்தபடி கை எட்டும் இடத்தில். கழிப்பறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு சிறு இரவு விளக்கு. அழைப்பு மணிக்குக் கம்பியில்லா மணி போதும். பொத்தானை மேசையில் வைக்காமல் கட்டில் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள், மேசைமேல் வைத்தது தேவைப்படும்போது தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால் இருக்கும்.